பக்கத்து ஃபீடர் விழுந்தால் இது ஏன் விழுகிறது?

தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு ஆலைகள் உண்டு. அப்படியோர் ஆலை இணைந்திருந்த 11 கே.வி. ஃபீடர், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் மின்பாதை, அடிக்கடி ட்ரிப் ஆகிறது, தானாகத் துண்டித்துக்கொண்டு ‘விழுகிறது’ என்று சொன்னதால், பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேயை டெஸ்ட் பண்ண ஒரு துணைமின் நிலையத்துக்குப் போயிருந்தேன். சோதித்துப் பார்த்தால் ரிலேயில் குறை ஒன்றும் இல்லை. எத்தனை ஆம்பியருக்கு எத்தனை விநாடியில் இயங்க வேண்டுமோ அத்தனையில் சரியாக இயங்குகிறது. சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் ஆபரேட்டர் லாக் புத்தகத்தை எடுத்து வந்தார்.

“இதைப் பாருங்க சார். பக்கத்து ஃபீடர்ல மரம் விழுந்தாலும் கம்பி அறுந்தாலும் இதுவும் சேர்ந்தே விழுது. ரெண்டு பேனல்லயும் எர்த் ஃபால்ட் ஃப்ளாக். ஆனா கருவ மில்லு ஓடுற அன்னைக்கு மட்டும்தான் இப்படி. மில்லு நின்னுட்டா பக்கத்து ஃபீடர் மட்டும் விழும், இது நிக்கும்.”

எர்த் ஃபால்ட் ஃப்ளாக் என்றால், தரைக்குள் மின்னோட்டம் பாய்ந்ததைக் கண்டு ரிலே இயங்கியது என்ற அடையாளம். நோய் இன்னது என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது காரணத்தைக் கணக்கில் காட்டுவது மட்டும்தான். அந்தக் கணக்குக்குள் போனால், இன்று ஊர் ஊராக சோலார் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் நம் மின்பாதைகளின் பாதுகாப்பு எதை நம்பி நிற்கிறது என்பதும் புரியும்.

வீட்டில் பழைய கரண்ட் மீட்டர் பார்த்தவர்களுக்கு உள்ளே சுற்றும் அலுமினியத் தட்டு நினைவிருக்கும். ஏ.சி. போட்டால் வேகமாகச் சுற்றும், ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் ஊர்ந்து போகும். துணைமின் நிலையப் பேனலில் உள்ள பழைய ஓவர்கரண்ட் ரிலேயும் ஏறக்குறைய அதேதான். சென்னை பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் தயாரித்த சி.டி.ஜி. ரிலேக்கள் இந்தியா முழுக்கப் பல்லாண்டுகள் உழைத்திருக்கின்றன. மின்னோட்டம் ஒரு அளவைத் தாண்டினால்தான் தட்டு நகரத் தொடங்கும். அந்த அளவை ஒரு பிளக்கைச் செருகி நிர்ணயிப்போம். தட்டு குறிப்பிட்ட தூரம் சுற்றிப் போய் ஒரு தொடுமுனையைத் தொட்டதும் பிரேக்கர் திறக்கும். அந்தத் தூரத்தை ஒரு டயலால் கூட்டலாம், குறைக்கலாம். இப்போதைய நியூமரிக்கல் ரிலேக்களில் தட்டு கிடையாது, ஆனால் அதே வளைகோட்டைத்தான் அவை எண்களாகக் கணக்கிடுகின்றன. மின்னோட்டம் கூடக்கூட நேரம் குறையும், பிளக் அளவைப்போல 20 மடங்குக்கு மேல் போனால் நேரம் கிட்டத்தட்ட நிலைத்துவிடும்.

ஒருங்கிணைப்பு என்பது இந்தத் தட்டுகளுக்குள் யார் முந்துவது என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான். பழுதுக்கு மிக அருகில் இருப்பவர் முதலில் விழ வேண்டும். அவர் தவறினால் மட்டும் அவருக்குப் பின்னால் நிற்பவர். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் பீஸ் கட்டை முதலில் போக வேண்டும், அது போகாவிட்டால்தான் ஃபீடர் பிரேக்கர் திறக்க வேண்டும், அதுவும் தவறினால்தான் துணைமின் நிலையத்தின் மெயின் பிரேக்கர். இப்படி அடுத்தடுத்த இருவருக்கிடையே 0.3 முதல் 0.4 விநாடி இடைவெளி விடுவது வழக்கம். முன்னவருடைய பிரேக்கர் திறந்து நெருப்பு அணைய ஆகும் நேரம், இரண்டு ரிலேக்களின் பிழை, மின்னோட்டம் நின்ற பிறகும் தட்டு கொஞ்சம் ஓடிவிடுவது, அதற்கு மேல் ஒரு பத்திரம், எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடக்கம்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் கட்டியது. மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து வெளியே போகும், திரும்பி வராது என்ற நம்பிக்கை. நூறு வருடத்துக்கு அது உண்மையாகவே இருந்தது. அதனால்தான் பெரும்பாலான ஃபீடர் ரிலேக்களுக்குத் திசை தெரியாது. எவ்வளவு என்று பார்க்கும், எந்தப் பக்கம் என்று பார்க்காது.

சரி, அந்த விறகு ஆலைக்கு வருவோம். அங்கே 5 எம்.வி.ஏ. ஜெனரேட்டர். அதன் டிரான்ஸ்ஃபார்மர் 11 கே.வி. பக்கத்தில் ஸ்டார் இணைப்பில் இருந்தது, அதாவது மூன்று சுருள்களும் ஒரு நடுமுனையில் சேர்ந்தன. அந்த நடுமுனை எர்த் செய்யப்பட்டிருந்தது. பக்கத்து ஃபீடரில் கம்பி அறுந்து தரையில் விழுந்தால், தரைக்குள் போன மின்னோட்டம் துணைமின் நிலைய டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்குத்தான் திரும்ப வேண்டும். முன்பு அது ஒன்றுதான் வாசல். ஆலை வந்த பிறகு இரண்டாவது வாசல் திறந்துவிட்டது. மின்னோட்டத்தின் ஒரு பங்கு ஆலையின் நடுமுனை வழியே ஏறி, நல்ல நிலையில் இருந்த நம் ஃபீடர் வழியே துணைமின் நிலையத்துக்குள் வந்து, பக்கத்து ஃபீடரின் பழுதை நோக்கிப் போனது.

எர்த் ஃபால்ட் ரிலேக்களின் அளவு எப்போதும் தாழ்வாகவே வைக்கப்படும். இரண்டு ஃபீடரிலும் 60 ஆம்பியர், டயல் 0.1 என்று வையுங்கள். பழுதுள்ள ஃபீடர் 20 மடங்குக்கு மேல் பார்க்கிறது, அதன் ரிலே 0.23 விநாடியில் உத்தரவு கொடுத்துவிடும். பிரேக்கர் திறந்து முடிக்க இன்னும் 0.08 விநாடி. ஆக 0.31. நம் நல்ல ஃபீடரில் ஆலையிலிருந்து 600 ஆம்பியர் வருகிறது, பத்து மடங்கு. அதற்கான நேரம் 0.30 விநாடி. பக்கத்து பிரேக்கர் திறந்து முடிப்பதற்கு ஒரு கண்ணிமைக்கு முன்னால் நம் ரிலேயும் தொட்டுவிடுகிறது. இரண்டு ரிலேயும் தன்தன் கணக்கில் சரியாகத்தான் வேலை செய்தன. ஆனால் ஒரு பழுதும் இல்லாத ஊர்கள் இருட்டில் கிடந்தன. ஆலையில் ஜெனரேட்டர் மட்டும் நின்று டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பிலேயே இருந்திருந்தால்கூட இது நடந்திருக்கும். அங்கே நிற்கும்போது டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே பிரித்துவிடுவார்கள், அதனால்தான் ஆபரேட்டரின் கவனிப்பு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது.

அப்படியானால் நடுமுனையை எர்த் செய்யாமல் 11 கே.வி. பக்கத்தை நடுமுனையே இல்லாத டெல்ட்டா இணைப்பாக வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதில் வேறு ஆபத்து. ஒரு கம்பி தரையைத் தொட்டு, துணைமின் நிலைய பிரேக்கர் திறந்து, ஆலை மட்டும் சில கணங்கள் மின்பாதையை உயிரோடு வைத்திருந்தால், மற்ற இரண்டு கம்பிகளுக்கும் தரைக்கும் இடையே உள்ள அழுத்தம் 6.35 கே.வி.யிலிருந்து 11 கே.வி.க்கு ஏறிவிடும். நம் 11 கே.வி. மின்பாதைகளில் மாட்டியிருக்கும் இடிதாங்கிகள் பெரும்பாலும் 9 கே.வி. தரத்தவை. அவை வெடிக்கும். எர்த் செய்தால் பக்கத்து வீட்டுச் சண்டைக்குள் இழுக்கப்படுவோம், செய்யாவிட்டால் நம் வீட்டுப் பொருள் உடையும். எது குறைந்த கேடு என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் கிடையாது.

தேவையில்லாமல் விழுவதாவது உடனே கண்ணுக்குத் தெரியும், யாராவது போன் பண்ணுவார்கள். விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருப்பது அப்படி இல்லை. என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். அதே ஆலையை வைத்தே பார்க்கலாம். கணக்கு எளிமைக்காக எல்லா மின்தடைகளையும் நேராகக் கூட்டிக்கொள்கிறேன். மேல்மட்ட மின்வலையும் ஆலை வரையுள்ள கம்பியும் சேர்ந்து 2 ஓம். ஆலையின் ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து 6.3 ஓம். ஃபீடர் ரிலேயின் அளவு 300 ஆம்பியர், டயல் 0.2.

ஆலைக்கு அப்பால் 12 ஓம் தொலைவில், ஒல்லிக் கம்பியில் ஓடும் ஏதோ ஒரு கடைசிக் கிராமத்தில், மூன்று கம்பிகளும் பின்னிக்கொள்கின்றன. ஆலை இல்லாவிட்டால் துணைமின் நிலையத்திலிருந்து 454 ஆம்பியர் போகும். ரிலே 3.4 விநாடியில் விழும். மெதுவாகத்தான், ஆனாலும் விழும். ஆலை ஓடும்போது பழுதில் பாயும் மொத்த மின்னோட்டம் 470 ஆம்பியராகக் கூடுகிறது. ஆனால் அதில் 113 ஆம்பியரை ஆலை தன் பக்கமிருந்து தந்துவிடுகிறது. துணைமின் நிலைய ரிலே பார்ப்பது 357 ஆம்பியர் மட்டும். அதற்கு ஆகும் நேரம் 8 விநாடி. பழுது பெரிதாகியிருக்கிறது, ரிலேயின் கண்ணுக்கோ அது சிறிதாகத் தெரிகிறது.

இன்னும் 3 ஓம் தள்ளிப் பழுது நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆலை இல்லாவிட்டால் 374 ஆம்பியர், 6 விநாடி சொச்சத்தில் ரிலே விழுந்துவிடும். ஆலை இருந்தால் ரிலேக்குத் தெரிவது 292 ஆம்பியர். 300 எட்டவில்லை. தட்டு அசையவே அசையாது. ஆலையாவது கண்டுபிடிக்குமா என்றால், அது தரும் பங்கு 93 ஆம்பியர், அதன் முழுச் சுமையோ 262 ஆம்பியர். ஆலை வாசலில் மின்னழுத்தமும் 90 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. அதன் ரிலேக்களுக்கும் இது சாதாரண நாள் போலத்தான். எங்கோ ஒரு முள்ளுக்காட்டில் கம்பிகள் பொறி கக்கிக்கொண்டிருக்கும், இரண்டு முனையிலும் யாருக்கும் தெரியாது. இதை ரிலே கண்மறைப்பு என்று சொல்லலாம். பழுது தரையைத் தொட்டால் எர்த் ஃபால்ட் ரிலே பிடித்துவிடக்கூடும், ஆனால் கம்பியோடு கம்பி மட்டும் ஒட்டினால் அந்த உதவியும் இல்லை.

ஆலை அமைக்க அனுமதி கொடுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா, கம்பி தாங்குமா, மின்னழுத்தம் ஏறுமா என்றெல்லாம் பார்க்கிறோம். ஃபீடரின் கடைசி முனையில் பழுது வந்தால் ரிலேக்கு எத்தனை ஆம்பியர் தெரியும் என்பதையும் அதே மேசையில் அதே நாளில் பார்த்தாக வேண்டும். ஒரு தாளில் முடிகிற கணக்கு.

எல்லா ஜெனரேட்டரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேலே சொன்னது சின்க்ரனஸ் வகை, அது பழுதுக்குத் தொடர்ந்து மின்னோட்டம் ஊட்டும். ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் 1990களில் நட்ட பழைய காற்றாலைகள் இண்டக்‌ஷன் வகை. அவை தங்கள் காந்தப்புலத்தை மின்வலையிடமிருந்தே கடன் வாங்குகின்றன. பழுது வந்து அழுத்தம் சரிந்தால் கடனும் நிற்கும், ஆகவே முதல் சில சுற்றுகளுக்குப் பெரிய மின்னோட்டம் தந்துவிட்டு அடங்கிவிடும். தாமதமாக இயங்கும் ரிலேக்களை இது அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் மின்வலையிலிருந்து பிரிந்த பின் அங்கே கெப்பாசிட்டர்கள் மட்டும் இணைந்து நின்றால், அவற்றைக் கொண்டே தன்னைத் தானே காந்தமாக்கிக்கொண்டு அழுத்தத்தை எகிற வைத்துவிடும்.

சோலார் இன்வெர்ட்டர் இன்னொரு சாதி. அதன் அரைக்கடத்திகள் கூடுதல் சூட்டைத் தாங்காது, அதனால் பழுது வந்தாலும் தன் முழு அளவைப்போல 1.1, 1.2 மடங்குக்கு மேல் விடாது. இதனால் கண்மறைப்புத் தொல்லை குறைவு. ஆனால் இன்வெர்ட்டர்களை மட்டும் நம்பி ஓடும் ஒரு பகுதியில், பழுதுக்கும் சாதாரணச் சுமைக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விடும். ஓவர்கரண்ட் ரிலே பார்ப்பது அந்த வித்தியாசத்தை மட்டும்தானே. ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும் என்று எண்ணி மாட்டிய பீஸ் கட்டை அங்கே வெறும் கம்பித்துண்டுதான்.

2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சோலார் நிலையங்களைக் கிராமத்துத் துணைமின் நிலையங்களோடு இணைக்க வழி வந்தது. 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீட்டுக் கூரைகள். நல்ல விஷயங்கள், வர வேண்டியவை. இவற்றால் ஒரு ஃபீடர் காலை பத்து மணிக்கு ஒரு மின்வலையாகவும் இரவு எட்டு மணிக்கு வேறொரு மின்வலையாகவும் ஆகிவிடுகிறது. ரிலேயில் வைத்த எண் மட்டும் இரண்டு வேளைக்கும் ஒன்றே.

இனி, கம்பத்தில் ஏறுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைன்மேன் எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பது விதி. அந்த எர்த் ராடு எவ்வளவு அவசியம் என்பது பின்பக்கமிருந்து கரண்ட் வரும்போதுதான் தெரியும். மாற்று சுவிட்ச் இல்லாமல் யாரோ ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டரை ஓட்டினாலே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து கம்பத்தில் 11 கே.வி.யை ஏற்றிவிடும். இதனால்தான் மின்வலையில் இணையும் இன்வெர்ட்டர்கள், மின்வலை போனதும் தானாக நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஐ.ஈ.ஈ.ஈ. 1547 தரம் அதற்கு 2 விநாடி கொடுக்கிறது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வெளியிட்ட இணைப்பு விதிகளும் இதே நோக்கம் கொண்டவை.

ஆனால் 2 விநாடி என்பது சில இடங்களில் நீண்ட நேரம். ஆட்டோ ரீக்ளோசர் இருக்கும் மின்பாதையில், விழுந்த பிரேக்கர் அரை விநாடியிலோ ஒரு விநாடியிலோ தானே மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குள் ஆலை பிரிந்திருக்காவிட்டால், இரண்டு மின்சாரங்கள் தாளம் தவறி மோதிக்கொள்ளும். ஜெனரேட்டரின் தண்டே முறுகும் அளவுக்கு அந்த அடி இருக்கும். ஆகவே பிரேக்கரின் மறுபக்கம் கம்பி செத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடும் ஏற்பாடு, ஆலை உள்ள ஃபீடரில் கட்டாயம் வேண்டும்.

சீக்கிரம் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 மாலை ஒரு மின்கடத்திப் பாதையில் இடி விழுந்தது. பழுது உடனே நீங்கியது. ஆனால் அந்த அதிர்ச்சியில், பகிர்மான மின்வலையில் இணைந்திருந்த சிறு உற்பத்தி நிலையங்கள் பல, தாங்கள் மின்வலையிலிருந்து அறுந்து தீவாகிவிட்டோம் என்று எண்ணி விலகிக்கொண்டன. மின்னழுத்த அலை ஒரு துள்ளு துள்ளியதைக் கண்டு சுமார் 150 மெகாவாட், அதிர்வெண் வேகமாகச் சரிவதைக் கண்டு சுமார் 350 மெகாவாட். அதே நேரத்தில் ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் வேறு காரணங்களால் உற்பத்தியை இழந்தன. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்க, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மொத்த இழப்பில் ஒரு நல்ல பங்கு, தப்பாக எச்சரிக்கையான சிறு ரிலேக்களால் வந்தது. அலைத் துள்ளலைப் பார்க்கும் முறையைக் கைவிடச் சொல்லியும், அதிர்வெண் சரிவுக்கான எல்லையை விநாடிக்கு 1 ஹெர்ட்ஸ் என உயர்த்தி அரை விநாடி பொறுக்கச் சொல்லியும் ஆயிரக்கணக்கான இடங்களில் அவர்கள் ரிலே எண்களை மாற்ற வேண்டியிருந்தது. ஜெர்மனியிலும் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் எல்லா சோலார் இன்வெர்ட்டர்களும் ஒரே நொடியில் விலக வேண்டும் என்று முதலில் விதி எழுதிவிட்டு, 2012-க்குப் பிறகு வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். ஒவ்வொரு இன்வெர்ட்டராகப் பார்த்தால் நியாயமான விதி, லட்சக்கணக்கில் சேர்ந்ததும் அதுவே ஆபத்தாகிவிட்டது.

தீர்வு என்று கேட்டால், ஆய்வுலகம் இதற்கு நிறையவே எழுதியிருக்கிறது. ரிலே டயல்களின் சிறந்த எண்களைக் கண்டுபிடிக்கப் பறவைக் கூட்டத்தைப் பார்த்து ஒரு வழிமுறை, எறும்பைப் பார்த்து ஒரு வழிமுறை என்று ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் களத்தில் தட்டுப்பாடு வழிமுறைக்கு இல்லை, தரவுக்குத்தான். கம்பியின் நீளம், அதன் தடிமன் எந்தக் கம்பத்தில் மாறுகிறது, ஆலை டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பு எது, சி.டி. (மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கருவி) விகிதம் பெயர்ப்பலகையில் உள்ளதுதானா, இவை சரியாகத் தெரிந்தால் சாதாரணக் கணக்கே முக்கால்வாசித் தூரம் கொண்டுபோய் விடும்.

அப்புறம், கருவிகள். நியூமரிக்கல் ரிலேக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட செட்டிங் தொகுப்புகளைச் சேமித்து வைக்கலாம். ஆலை பிரேக்கர் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்ற ஒரு தகவல் வந்தால் போதும், தொகுப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். இருபுறமும் ரிலே வைத்து ஃபைபர் வழியே பேசவிட்டு, உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமா என்று பார்க்கும் முறை இன்னும் உறுதியானது. செலவும் கூட. தகவல் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் கிராமத்து ஃபீடருக்கு முதல் மருந்து திசையறியும் ரிலேதான். மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, மின்னோட்டம் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று அது சொல்லிவிடும். உள்ளே வருவது பக்கத்து ஃபீடரின் பிரச்சினை, நாம் விழ வேண்டாம்.

அந்தத் துணைமின் நிலையத்திலும் பழைய ரிலேயை எடுத்துவிட்டு அதைத்தான் மாட்டினார்கள். பரிசோதனைப் பெட்டியிலிருந்து மின்னோட்டம் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஃபீடரை சார்ஜ் பண்ணி, ஆலை 3 மெகாவாட் அனுப்பத் தொடங்கியதும் ரிலே திரையைப் பார்த்தோம். துணைமின் நிலையத்துக்குள் வருகிற மின்சாரம், ஆகவே மைனஸ் காட்ட வேண்டும். ப்ளஸ் 3 என்று காட்டியது. சி.டி.யிலிருந்து வரும் இரண்டு வயர்கள், எஸ்1-உம் எஸ்2-உம், டெர்மினல் பெட்டிக்குள் இடம் மாறியிருந்தன. எத்தனையோ வருடமாக அப்படியே இருந்திருக்க வேண்டும். திசை தெரியாத பழைய ரிலேக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால், பக்கத்து ஃபீடர் பழுதுக்கு விழுந்து, சொந்தப் பழுதுக்கு விழாமல் நின்றிருக்கும்.

ஃபீடரை மறுபடி நிறுத்தி, வயர்களை மாற்றிப் போட்டு, சார்ஜ் பண்ணினோம். மைனஸ் 3 வந்தது. ஆபரேட்டர் அதைத் தேதியோடு லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

“நேத்து ராத்திரி பக்கத்து ஃபீடர் விழுந்துச்சு சார். மில்லு ஓடிட்டுதான் இருந்துச்சு. இது நின்னுச்சு.”